கணினிவழிக் கல்லூரிச் சேர்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிச் சேர்க்கைக்கான மென்பொருளை நிறுவுவது, அது மக்கர் செய்தால் பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்வது என்று பல சேர்க்கைப் பருவங்களைக் கழித்தவன் நான். கேள்விகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். அலுவலகத்தில் இருப்பவர்கள் ஒருவிதமாகக் கேட்பார்கள், விண்ணப்பிப்பவர்களும் பெற்றோரும் வேறுவிதமாகக் கேட்பார்கள். இரண்டையும் கலந்தே இங்கே தருகிறேன், ஏனென்றால் பாதிக் கேள்விகளுக்கு வேர் ஒன்றுதான்.

காகிதத்திலிருந்து கணினிக்கு மாறும்போது எது கடினம்? சர்வரா, நெட்வொர்க்கா?

இரண்டும் இல்லை. எழுதப்படாத விதிகள்தான்.

காகித காலத்தில் சேர்க்கைப் பிரிவில் ஒரு பழைய ஆள் இருப்பார். ஒரு சான்றிதழில் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தால் "சரி, எழுத்துப் பிழை" என்று தள்ளிவிடுவார். ஒரு பாடத்தின் மதிப்பெண் இன்னும் வரவில்லை என்றால் அந்த விண்ணப்பத்தைத் தனிக்கட்டில் போட்டு வைப்பார். இதெல்லாம் விதிப் புத்தகத்தில் இருக்காது, அவர் தலைக்குள் இருக்கும். கணினிக்கு அந்தத் தலை கிடையாது. ஒவ்வொன்றையும் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். கல்லூரி எழுதிக் கொடுக்காவிட்டால், நிரல் எழுதுபவர் தன் வசதிக்கு ஏதோ ஒன்றை முடிவு செய்துவிட்டுப் போய்விடுவார். தான் ஒரு சேர்க்கை விதியை எழுதிவிட்டோம் என்பதே அவருக்குத் தெரியாது.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இது நடந்தது. மதிப்பெண் கட்டம் காலியாக இருந்தால் அதை 0 என்று எடுத்துக்கொள்ளும்படி நிரல் இருந்தது. தேர்வுக்கே வராதவர், தேர்வெழுதி நிஜமாகவே 0 வாங்கியவர், மறுகூட்டல் முடிவுக்குக் காத்திருப்பவர் மூவரும் அதன் கண்ணுக்கு ஒரே ஆள். மறுகூட்டலுக்குக் காத்திருந்த நல்ல மாணவர்கள் தரவரிசையின் அடிமட்டத்துக்குப் போய்விட்டார்கள். பட்டியல் வெளியான பிறகு ஒரு தாயார் போன் செய்து கேட்டதால்தான் எங்களுக்கே தெரிந்தது. அவர் கேட்காமல் விட்டிருந்தால்?

கடைசி நாளில் இணையதளம் ஏன் படுத்துவிடுகிறது?

ஒரு மாதம் அவகாசம் கொடுத்தாலும் பெருங்கூட்டம் கடைசி இரண்டு நாளில்தான் வரும். "முன்பே விண்ணப்பியுங்கள்" என்று அறிவுரை சொல்லிப் பார்த்தாயிற்று, மாறவில்லை, மாறவும் மாறாது. சான்றிதழ் தாமதமாகக் கையில் கிடைத்தவர்களும் அதில் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்குப் பொதுவான 'காமன் அப்ளிகேஷன்' 2013-இல் புதிய மென்பொருளுக்கு மாறியது. விண்ணப்பம் போய்ச் சேராதது, உள்ளே நுழையவே முடியாதது என்று தொடர்ந்து கோளாறு வந்ததால் பல கல்லூரிகள் கடைசித் தேதியைத் தள்ளிவைத்தன. அவ்வளவு அனுபவமுள்ள அமைப்புக்கே அந்தக் கதி.

செய்யக்கூடியவை இவை: பதிவு செய்வது, சான்றிதழ் ஏற்றுவது, பணம் கட்டுவது மூன்றுக்கும் வெவ்வேறு கடைசித் தேதி வையுங்கள். தட்டச்சு செய்தது தானாகச் சேமிக்கப்படட்டும். கூட்டம் அதிகமானால் எல்லாரையும் உள்ளே விட்டு எல்லாரையும் கவிழ்ப்பதைவிட, வரிசை எண் கொடுத்துக் காத்திருக்கச் சொல்வது மேல். அப்புறம், இணையதளம் சில மணி நேரம் முடங்கினால் அவகாசம் எவ்வளவு நீளும் என்பதை முன்கூட்டியே எழுதி வெளியிடுங்கள். முடங்கிய பிறகு கூடி முடிவு செய்தால், யாருக்கோ சலுகை காட்டியதாகத்தான் பேச்சு வரும்.

கடைசி நேரம் "15-ஆம் தேதி நள்ளிரவு 12 மணி" என்று போட்டிருக்கிறார்கள். அது 14 முடியும்போதா, 15 முடியும்போதா?

எனக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் "15-ஆம் தேதி இரவு 11:59" என்று எழுதச் சொல்கிறேன். எந்த நாட்டு நேரம் என்றும் சேர்த்துப் போடுங்கள், வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் இருப்பார்கள். செல்லுபடியாவது சர்வர் கடிகாரம்தான், விண்ணப்பதாரரின் போன் காட்டும் நேரம் இல்லை. அதைப் பக்கத்தின் மேலேயே ஓடவிட்டால் சண்டை பாதி குறையும்.

கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, விண்ணப்பத்தில் மட்டும் "கட்டணம் நிலுவை" என்று காட்டுகிறது. மறுபடி கட்டலாமா?

உடனே கட்டாதீர்கள். பணம் போகும் வழியில் குறைந்தது மூன்று கணினிகள் பேசிக்கொள்கின்றன: உங்கள் வங்கி, நடுவில் உள்ள கட்டணச் சேவை, கல்லூரி சர்வர். வங்கி பணத்தை எடுத்த பிறகு "வந்துவிட்டது" என்ற செய்தி கல்லூரிக்குப் போய்ச் சேராமல் நடுவழியில் தொலைந்தால் இப்படி ஆகும். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, உதவி மையத்துக்குத் தெரிவியுங்கள். கடைசித் தேதிக்குச் சில மணி நேரம்தான் இருக்கிறது, பதிலும் வரவில்லை என்றால் மட்டும் இரண்டாம் முறை கட்டுங்கள்.

அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை: வங்கிக் கணக்கையும் விண்ணப்பக் கணக்கையும் பருவம் முடிந்தபின் ஒத்துப்பார்ப்பது பயனில்லாத வேலை. தினமும் இரவு ஒத்துப்பாருங்கள். பணம் வந்து விண்ணப்பம் நிலுவையில் நிற்பவர்களை அவர்கள் கேட்காமலே நீங்கள் சரிசெய்ய வேண்டும். கேட்கத் தெரியாதவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள்.

பெயரில் என்ன பெரிய சிக்கல் வந்துவிடப்போகிறது?

நான் பார்த்த தகராறுகளில் பாதிக்குமேல் பெயரில் தொடங்கியவை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், 'குடும்பப் பெயர்' என்ற கட்டாயக் கட்டம். அப்படி ஒன்று இல்லாதவர்கள் உலகில் ஏராளம். கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது என்பதால் ஒருவர் தந்தை பெயரைப் போடுவார், ஒருவர் இன்ஷியலைப் போடுவார், ஒருவர் தன் பெயரையே இரண்டு முறை போடுவார், ஒருவர் வெறும் புள்ளி வைப்பார். பிறகு இந்தப் பெயரைத் தேர்வு வாரியத்தின் பெயரோடு ஒப்பிட்டு "பொருந்தவில்லை, நிராகரிக்கப்பட்டது" என்று கணினி சொல்லும். இன்ஷியல் முன்னால் வந்தால் ஓர் ஆள், பின்னால் வந்தால் வேறு ஆள், புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டால் மூன்றாவது ஆள்.

அடுத்தது, தமிழில் பெயர் தட்டச்சு செய்யும் படிவங்கள். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் (எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறை) இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். க-வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், எகரக் குறியையும் துணைக்காலையும் (ா) தனித்தனியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினியின் ஒப்பீட்டில் வேறு வேறு. 'ஸ்ரீ'-க்கும் இரண்டு வடிவம் உண்டு. 'ஔவை'-யை ஒகரத்தோடு ளகரம் சேர்த்து 'ஒளவை' என்று அடிப்பவர்கள் எத்தனை பேர்! முதல் வகையை, ஒரே எழுத்தின் வெவ்வேறு சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்கும் 'யூனிகோடு இயல்பாக்கம்' சரிசெய்துவிடும், மற்ற இரண்டையும் அது தொடாது. அவற்றுக்குத் தனி விதி எழுத வேண்டும்.

மருந்து எளிது. பெயரை வைத்து ஆளை அடையாளம் காணாதீர்கள். தேர்வுப் பதிவு எண்ணும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால் ஆள் அவர்தான். பெயர் வித்தியாசம் நிராகரிக்கும் காரணமாக இல்லாமல், ஒரு மனிதர் பார்க்க வேண்டிய குறிப்பாக மட்டும் இருக்கட்டும்.

தகவலை எக்செல்லில் எடுத்துத் திருத்தி மறுபடி ஏற்றலாமா?

வேண்டாம். எல்லாரும் செய்கிறார்கள், தெரியும். எண் என்று நினைத்து விண்ணப்ப எண்ணின் முன்னால் உள்ள சுழியங்களை எக்செல் தின்றுவிடும். 15 இலக்கத்துக்குமேல் நீளும் எண்ணின் கடைசி இலக்கங்களைச் சுழியமாக்கிவிடும். 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்பதைத் தானே தீர்மானிக்கும். ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்தி, மதிப்பெண்கள் எல்லாம் ஆள் மாறிப் போன கதையும் உண்டு. தவிர்க்கவே முடியாவிட்டால் எல்லா நெடுவரிசைகளையும் உரையாக இறக்குங்கள், ஏற்றுமுன் வரிசைகளின் எண்ணிக்கையையும் மொத்தத்தையும் ஒத்துப்பாருங்கள்.

ஒரே மதிப்பெண் எடுத்த இருவரில் யார் முன்னால்?

விதி என்ன சொல்கிறதோ அது. முக்கியப் பாடத்தின் மதிப்பெண், பிறகு அடுத்த பாடம், பிறகு வயது, கடைசியில் குலுக்கல் எண் என்று பொதுவாகப் போகும். குலுக்கல் எண்ணைத் தரவரிசை தயாரிப்பதற்கு முன்பே ஒதுக்கி, அவரவர் எண்ணை அவரவருக்குக் காட்டிவிட வேண்டும். பிறகு ஒதுக்கினால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் தேவையில்லை.

இதில் ஒரு மறைகுழி இருக்கிறது. கணினி தசமங்களை இரும எண்ணாக (0, 1 மட்டும் கொண்டு) வைத்துக்கொள்வதால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் அதற்கு 0.3 வராது, 0.30000000000000004 வரும். பாட மதிப்பெண்களை வகுத்துக் கூட்டிக் கட்-ஆஃப் போடும்போது, உண்மையில் சமமாக இருக்கும் இருவரில் ஒருவர் இந்தத் தூசி அளவு வித்தியாசத்தால் முன்னால் போய்விடலாம். சமநிலை விதி வேலைக்கே வராது. திரையில் இருவருக்கும் ஒரே மதிப்பெண், ஆனால் வயதில் மூத்தவர் பின்னால்! மதிப்பெண்ணை ஆயிரத்தாலோ பத்தாயிரத்தாலோ பெருக்கி முழு எண்ணாக வைத்துக் கணக்குப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

விருப்பப் பட்டியலில் உண்மையிலேயே பிடித்த கல்லூரியை முதலில் போடலாமா, கிடைக்கக்கூடியதை முதலில் போடலாமா?

இது நீங்கள் விண்ணப்பிக்கும் அமைப்பு எந்த முறையில் இடம் ஒதுக்குகிறது என்பதைப் பொறுத்தது. கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

1962-இல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரு கணிதவியலாளர்கள் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றியே ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் சொன்ன முறை இது. ஒவ்வொரு மாணவரும் தன் முதல் விருப்பத்தைக் கேட்கிறார். கல்லூரி தன்னிடம் உள்ள இடங்களுக்கு ஏற்ப மேலே இருப்பவர்களைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுகிறது. அனுப்பப்பட்டவர் அடுத்த விருப்பத்துக்குப் போகிறார். அங்கே அவரைவிடக் கீழே உள்ள ஒருவர் தற்காலிகமாக உட்கார்ந்திருந்தால் அவர் எழுந்திருக்க வேண்டும். யாரும் நகரத் தேவையில்லாத நிலை வரும்போதுதான் எல்லாம் உறுதியாகிறது. இந்த முறையில் பிடித்ததை முதலில் போட்டதால் உங்களுக்கு நட்டமே கிடையாது. அது கிடைக்காவிட்டாலும் இரண்டாவது விருப்பத்தில் உங்கள் இடம் அப்படியே இருக்கும். பின்னாளில் இந்தத் துறைக்காக ஷேப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012-இல் பொருளியல் நோபல் கிடைத்தது.

இன்னொரு முறையில், முதல் விருப்பமாகப் போட்டவர்களுக்கே முதலில் இடத்தை உறுதியாகக் கொடுத்துவிடுவார்கள். அங்கே எட்டாத கல்லூரியை முதலில் போட்டால் அதுவும் போச்சு, இரண்டாவதாகப் போட்டதும் அதற்குள் நிரம்பிப் போச்சு. பாஸ்டன் நகரப் பள்ளிகளில் இப்படித்தான் இருந்தது. விவரம் தெரிந்த பெற்றோர் சூதாடிப் பிழைத்தார்கள், தெரியாதவர்களின் பிள்ளைகள் ஏமாந்தார்கள். 2005-இல் அதைக் கைவிட்டார்கள்.

முதல் முறையிலும் ஒரு கண்ணி உண்டு. "ஐந்து விருப்பம்தான் போடலாம்" என்று எல்லை வைத்தால் மறுபடி சூதாட்டம் தொடங்கிவிடும். ஐந்தும் எட்டாதவையாகப் போய்விட்டால் கையில் ஒன்றும் இருக்காது. கணினிக்கு ஐந்தும் ஐம்பதும் ஒன்றுதான். எல்லை வைப்பது பெரும்பாலும் பழைய காகிதப் படிவத்தில் ஐந்து வரி இருந்ததால்தான்.

விருப்ப வரிசையே கேட்காமல் விட்டால் மாணவருக்கு எளிதுதானே?

பிரான்ஸ் அதைச் செய்து பார்த்தது. அங்கே முன்பிருந்த அமைப்பில், இடம் போதாத சில படிப்புகளுக்குக் குலுக்கல் போட்டது பெரும் கோபத்தைக் கிளப்பியது. 2018-இல் 'பார்கூர்சுப்' என்ற புதிய தளம் வந்தது. அப்போது அதில் மாணவர் தன் விருப்பங்களை வரிசைப்படுத்தத் தேவையில்லாமல் இருந்தது. விளைவு என்னவென்றால், நல்ல மதிப்பெண் உள்ளவர் பல இடங்களைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பார், அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை விடும்வரை பின்னால் இருப்பவர் காத்திருக்க வேண்டும். முதல் நாளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு எந்த இடமும் வரவில்லை. பலருக்குப் பிறகு கிடைத்தது என்பது உண்மைதான், ஆனால் அந்தக் காத்திருப்பை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் வலி தெரியும்.

இடங்கள் காலியாகவே போவது ஏன்? வெளியே அவ்வளவு பேர் காத்திருக்கிறார்களே?

ஒருவர் இரண்டு தனித்தனி அமைப்புகளில் இடம் பிடித்து வைத்திருப்பார், ஒன்றுக்கு மற்றொன்று தெரியாது. இந்தியாவில் ஐஐடிகளுக்கும் என்ஐடிகளுக்கும் 2015-இல் ஒரே கூட்டு ஒதுக்கீடு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒன்றாக்கினாலும் சேராமல் விடுபவர்கள் இருப்பார்கள். அதனால் பல சுற்று தேவை, ஒவ்வொரு சுற்றிலும் விலகுவதை எளிதாக்கவும் வேண்டும். சேரும் பொத்தான் பளிச்சென்று பெரிதாக இருக்கும், விலகும் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு காலியிடம் இருக்கிறதே என்று வருத்தப்படுவார்கள்.

கணினி முகம் பார்க்காது, சிபாரிசு கேட்காது. அதனால் பாரபட்சமும் இருக்காது அல்லவா?

லண்டனில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில் 1980-களில் நடந்ததைக் கேளுங்கள். விண்ணப்பங்களில் யாரை நேர்காணலுக்கு அழைப்பது என்று வடிகட்ட ஒரு நிரல் எழுதினார்கள். பழைய தேர்வாளர்களின் முடிவோடு 90 முதல் 95 சதவீதம் ஒத்துப்போகும்வரை அதைச் செதுக்கினார்கள். 1982 முதல் முதல்கட்ட வடிகட்டல் முழுவதும் அதன் கையில். பழைய தேர்வாளர்கள் பெண்களையும், ஐரோப்பியர் அல்லாதவர்களையும் கொஞ்சம் ஒதுக்கியே வந்தவர்கள் போலும். நிரலும் அதையே கற்றுக்கொண்டது. படிவத்தில் இனம் கேட்கும் கட்டமே கிடையாது, பெயரையும் பிறந்த இடத்தையும் வைத்தே புள்ளியைக் குறைத்தது. அங்கேயே பணிபுரிந்த இரண்டு மருத்துவர்கள் புகார் செய்தார்கள். 1988-இல் பிரிட்டனின் இனச் சமத்துவ ஆணையம் கல்லூரி பாகுபாடு காட்டியது என்று தீர்ப்பளித்தது. ஆண்டுக்கு 60 பேர் வரை நேர்காணல் வாய்ப்பை இழந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள்.

இதில் எனக்கு உறைப்பது ஒன்றுதான். மனிதர்கள் தேர்ந்தெடுத்த காலத்தில் அந்தப் பாரபட்சத்தை நிரூபித்திருக்கவே முடியாது. நிரலில் அது எண்ணாக எழுதப்பட்டிருந்ததால்தான் பிடிபட்டது. இன்றைய செயற்கை நுண்ணறிவு வடிகட்டிகளில் அந்த எண்ணைக்கூடச் சுலபமாகத் திறந்து பார்க்க முடியாது.

2020-இல் கொரோனாவால் தேர்வு ரத்தானபோது இங்கிலாந்தில் பள்ளி இறுதி மதிப்பீட்டை ஒரு கணக்கீட்டு முறையால் போட்டார்கள். பள்ளியின் பழைய தேர்ச்சி வரலாறு அதில் பெரிய பங்கு வகித்தது. ஆசிரியர்கள் கணித்த மதிப்பீடுகளில் ஏறத்தாழ 40 சதவீதம் குறைக்கப்பட்டன. மிகச் சிறிய வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியர் சொன்னதே நிலைத்தது, அப்படிப்பட்ட வகுப்புகள் தனியார் பள்ளிகளில்தான் அதிகம். ஆகஸ்ட் 13-இல் முடிவு வந்தது, 17-இல் அரசு பின்வாங்கியது. அதற்குள் பல்கலைக்கழகங்கள் பலரை நிராகரித்திருந்தன, அந்த இடங்களில் வேறு ஆட்களும் வந்தாயிற்று.

"உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது" என்ற மின்னஞ்சல் தவறுதலாக வருமா?

வரும். 2009-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகம், ஏற்கெனவே நிராகரித்த சுமார் 28,000 பேருக்கும் சேர்த்து வரவேற்பு மின்னஞ்சல் அனுப்பியது. 2015-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் ஏறத்தாழ 800 பேருக்கு முதுகலைக் கணினி அறிவியல் இடம் கிடைத்ததாகச் சொல்லி, சில மணி நேரத்தில் மன்னிப்புக் கேட்டது. அனுப்பும் பொத்தானை அழுத்துபவர் ஒருவர், பட்டியலின் எண்ணிக்கையைப் பார்த்து அனுமதி கொடுப்பவர் வேறொருவர் என்று வைத்தாலே இது பெரும்பாலும் நின்றுவிடும். விண்ணப்பதாரர்கள், மின்னஞ்சலை மட்டும் நம்பாமல் உள்ளே நுழைந்து நிலையைப் பார்த்துவிட்டே இனிப்பு வாங்கப் போங்கள்.

விண்ணப்பம் நிரப்ப உதவியவர் தன் போன் எண்ணைக் கொடுத்துவிட்டார். பரவாயில்லையா?

உடனே மாற்றுங்கள். ஓடிபி அவருக்குத்தான் போகும். விருப்பப் பட்டியலைத் திருத்தவும், கிடைத்த இடத்தை ஏற்கவும் மறுக்கவும் சாவி அவர் கையில் இருக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் கலந்தாய்வு நாளில் போனை அணைத்து வைத்திருந்தால்? அமைப்பை நடத்துபவர்களும், ஒரே எண்ணில் பத்து விண்ணப்பம் பதிவானால் அதைக் கவனிக்க வேண்டும். தடுக்க வேண்டாம், ஏனென்றால் வீட்டில் ஒரே போன்தான் இருக்கும் அண்ணன் தங்கைகளும் உண்டு. விருப்பப் பட்டியல் மாறும் ஒவ்வொரு முறையும் மின்னஞ்சலுக்கும் ஒரு செய்தி போகட்டும்.

மாணவர் தகவல் கசிவது பெரும்பாலும் ஹேக்கர்களாலா?

அவ்வளவு சாமர்த்தியமே தேவைப்படுவதில்லை. சான்றிதழைப் பார்க்கும் இணைப்பின் கடைசியில் விண்ணப்ப எண் இருக்கும். அதில் ஒன்றைக் கூட்டினால் அடுத்தவரின் சான்றிதழ் திறக்கும். இதைக் கண்டுபிடிப்பது ஆர்வக்கோளாறுள்ள ஏதோ ஒரு மாணவர்தான். ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் "இவர் இதைப் பார்க்கலாமா" என்று சர்வர் கேட்க வேண்டும். சேராதவர்களின் சான்றிதழ்களையும் சாதி, வருமான விவரங்களையும் மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

பார்வையற்றவர்கள் எப்படி விண்ணப்பிப்பது?

திரை வாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள்) படிக்கக்கூடிய படிவம் வேண்டும். கோணல் எழுத்துகளைப் படித்து நிரப்பச் சொல்லும் கேப்ட்சா இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. பத்து நிமிடத்தில் தானாக வெளியேற்றும் படிவமும் அப்படித்தான், மெதுவாகத் தட்டச்சு செய்பவர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவார்.

புதிய மென்பொருளை முதல் ஆண்டு எப்படிச் சோதிப்பது?

போன ஆண்டின் உண்மையான விண்ணப்பங்களை அதற்குள் ஓட்டுங்கள். வரும் தரவரிசையைப் போன ஆண்டின் தரவரிசையோடு ஒப்பிடுங்கள். மாறும் ஒவ்வொரு பெயருக்கும் காரணம் கண்டுபிடிக்காமல் விடாதீர்கள். சில இடங்களில் புதிய மென்பொருள் தப்பு. சில இடங்களில், போன ஆண்டு நாம் செய்தது தப்பு என்று தெரியவரும். அந்த இரண்டாவது வகைக்குத் தயாராக இருங்கள், கூட்டத்தில் திடீரென்று எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள்.

பருவம் தொடங்கிய பிறகு நிரலில் எதையும் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் யார், எப்போது, ஏன் என்று எழுதி, கையெழுத்து வாங்குங்கள்.

எனக்கு ஏன் இடம் கிடைக்கவில்லை என்று கேட்டால் "கணினி அப்படிச் சொல்கிறது" என்கிறார்கள். என்ன செய்வது?

அது பதிலே இல்லை. இவற்றை எழுத்தில் கேளுங்கள்: உங்கள் பெயரில் பதிவான மதிப்பெண்கள், அவற்றிலிருந்து கணக்கிட்ட மொத்தம், நீங்கள் எந்தப் பிரிவில் வைக்கப்பட்டீர்கள், உங்கள் குலுக்கல் எண், கேட்ட ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண். இந்த ஐந்தும் இருந்தால் ஒரு தாளில் நீங்களே சரிபார்க்கலாம். ஒழுங்காகக் கட்டிய அமைப்பில் இவை ஒரு பொத்தானில் வரும். அலுவலகத்தால் எடுத்துத் தர முடியவில்லை என்றால் மேல்முறையீட்டில் அதையே முதல் காரணமாக எழுதுங்கள். தேதியை மட்டும் கோட்டை விடாதீர்கள், அடுத்த சுற்று தொடங்கிய பிறகு உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் உட்கார இடம் இருக்காது.